ஏட்டிலுள்ள பென்ஷனும் கைக்கு வரும் பென்ஷனும்

(காரைக்கால் பகுதி உழவர்களும் பஞ்சாயத்துப் பணியில் ஈடுபட்டோரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கம்பெனிக் கணக்கைப் பற்றி உழவர்களிடம் பேச வந்திருக்கிறீர்களே, குறுவைக்கும் தாளடிக்கும் அதனால் ஆவதென்ன என்று நம்மைக் கேட்டார் ஓர் அன்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும் இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருப்பவர்களின் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு மகன் நிலத்தைப் பார்க்கிறான்; மற்றொருவன் நிரவியிலுள்ள எண்ணெய் எரிவாயுக் கழக அலுவலகத்திலோ, பாங்கியிலோ, நூற்பாலையிலோ உத்தியோகம் பார்க்கிறான். வயல் பொய்த்த ஆண்டில் வீட்டைத் தாங்குவது அந்தச் சம்பளம். முதுமையில் தாங்கப் போவது அந்தப் பென்ஷன். வயல் கணக்கை நாம் நெல்மணி வரையில் எண்ணிப் பார்க்கிறோம். பென்ஷன் கணக்கையோ எட்டிப் பார்ப்பதும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவர் அச்சிட்ட கணக்குப் புத்தகமொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். ஓர் ஆலையில் 28 ஆண்டுகள் நூல் நூற்றவர். ஆலை மூடப்பட்டுவிட்டது. புத்தகத்தில் ஒரு வரியைச் சுட்டிக் காட்டி, "ஐயா, எங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணிக்கொடைக்கு ஒதுக்கீடு செய்திருக்கிறோம் என்று இதிலே போட்டிருக்கிறார்களே, அந்தப் பணம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்ட கேள்விக்கு விடை கூறுவதே இன்றைய பேச்சு.

பென்ஷன் என்ற சொல் காரைக்காலுக்குப் புதியதன்று. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஊர் திரும்பிய சொல்தாக்களின் வீடுகளுக்குப் பிரான்சிலிருந்து பணம் வருவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். 1954 நவம்பர் முதல் தேதி இப்பகுதியின் நிர்வாகம் இந்திய அரசின் கைக்கு மாறியது. 1956 மே 28ஆம் தேதி கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையினால் அம்மாற்றம் சட்டப்படி முழுமை பெற்றது. கொடி மாறியபொழுது, பென்ஷனை யார் கொடுப்பது என்ற கேள்வியும் எழுந்தது. உள்ளூர் வரவு செலவுத் திட்டத்திலிருந்து கொடுக்கப்பட்டு வந்த பென்ஷன்களை இந்திய அரசு ஏற்றது. தாய்நாட்டு வரவு செலவுத் திட்டத்திலிருந்து கொடுக்கப்பட்டவற்றைப் பிரான்சு தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டது. இரண்டு பெரிய அரசுகள் ஓர் ஊரைக் கைமாற்றும்போதே இதைத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. பென்ஷன் என்பது கருணையால் தரும் கொடையன்று. செய்து முடித்த வேலைக்காகப் பட்டிருக்கும் கடன் என்பது இதனால் விளங்கும்.

பிரெஞ்சு அரசு அந்தப் பென்ஷனைத் தனிப் பெட்டியில் சேர்த்து வைத்துக் கொடுக்கவில்லை. ஆண்டுதோறும் வசூலாகும் வரிப் பணத்திலிருந்து கொடுத்தது. அரசுக்கு அது முடியும். குடிமக்கள் உள்ளவரை வரி உண்டு. கம்பெனி வரி போட முடியாது. வியாபாரம் நொடித்தால் வருமானமும் நின்றுவிடும். ஆகையால்தான் கம்பெனி தரும் வாக்கை அளந்து, கணக்கில் எழுதி, எல்லாரும் காணும்படி வெளியிட வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. நம் நாட்டில் பெரிய கம்பெனிகளுக்கு 2016 ஏப்ரல் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் நெறி 19 இதைக் கூறுகிறது. பாங்கிகளும் சிறிய கம்பெனிகளும் கணக்கியல் நெறி 15 என்ற பழைய விதியைப் பின்பற்றுகின்றன. எண்கள் வேறாயினும் இரண்டின் கருத்தும் பெரும்பாலும் ஒன்றே.

கம்பெனி தரும் வாக்கு இரு வகைப்படும். நீ மாதந்தோறும் இவ்வளவு, நான் இவ்வளவு கட்டுவோம், சேர்ந்தது எதுவோ அது உன்னுடையது என்பது ஒரு வகை. இதனை வரையறுத்த சந்தா முறை எனலாம். பணத்தைக் கட்டியதோடு கம்பெனியின் பொறுப்பு தீர்ந்துவிடும். முதலீடு பெருகினாலும் குறைந்தாலும் தொழிலாளியின் பாடு. இதற்குக் கணக்குப் புத்தகத்தில், இவ்வாண்டு இவ்வளவு கட்டினோம் என்ற ஒற்றை வரிதான் இருக்கும். 1995 நவம்பர் 16ஆம் தேதி ஏற்பட்ட தொழிலாளர் பென்ஷன் திட்டத்திற்குக் கம்பெனிகள் கட்டும் 8.33 சதவீதத்தையும் இவ்வாறே எழுதுகின்றன. 2014 செப்டம்பரில் அதற்குரிய சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த வரம்பின்படி கட்டப்படும் தொகை மாதம் 1,250 ரூபாய். இந்த ஒற்றை வரியைப் படிப்பதில் சிரமமில்லை. ஆகவே இதை விட்டுவிடுவோம்.

மற்றது வரையறுத்த பயன் முறை. நீ இத்தனை ஆண்டு வேலை செய்தால் கடைசிச் சம்பளத்தைக் கொண்டு இவ்வளவு தருவேன் என்று கம்பெனி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பணிக்கொடை இவ்வகையைச் சேர்ந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு எளியது: மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, வரும் நாட்கூலியை 15ஆல் பெருக்கினால் ஓராண்டு வேலைக்குரிய தொகை கிடைக்கும். 26,000 ரூபாய் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 15,000. இருபது ஆண்டுக்கு 3,00,000 ரூபாய். அச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கிவிட்டது. பதினைந்து நாள் கணக்கு மாறவில்லை. சம்பளம் என்பதன் பொருள்தான் விரிந்தது. பலவகைப் படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேற்பட்டால், மேற்பட்ட பகுதியையும் சம்பளமாகவே கொள்ள வேண்டும். இந்த ஒரு மாற்றத்தினால் பல பெரிய கம்பெனிகள் 2025 டிசம்பரில் முடிந்த காலாண்டுக் கணக்கில் ஒரே தடவைச் செலவாகப் பெருந்தொகை எழுத நேர்ந்தது. ஆண்டுக்கணக்காகச் செய்து முடித்த வேலையின் கடன் ஒரே நாளில் கூடிற்று.

இனிக் கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். முதற் பக்கங்களில் இருக்கும் படங்களையும் தலைவரின் உரையையும் தாண்டிச் செல்லுங்கள். அவை சர்க்கரைப் பொங்கல்; வயிற்றை நிரப்பும், விவரம் தாரா. ஐந்தொகையும் இலாப நட்டக் கணக்கும் முடிந்தபின், 'கணக்குகள் மீதான குறிப்புகள்' என்ற பகுதி வரும். எழுத்துச் சிறுத்து, பத்திகள் நெருங்கி, படிக்காதே என்று சொல்வது போல இருக்கும். ஊழியர் நலன்கள் என்ற தலைப்பு அங்கேதான் உண்டு.

அக்குறிப்பில் முதலில் காண்பது மொத்தப் பொறுப்பு. ஆண்டின் தொடக்கத்தில் இவ்வளவு கடன் இருந்தது. இவ்வாண்டு வேலைக்காக இவ்வளவு கூடிற்று. ஓராண்டு கடந்ததால் வட்டியாக இவ்வளவு ஏறிற்று. ஓய்வு பெற்றோருக்குக் கொடுத்ததால் இவ்வளவு குறைந்தது. கணிப்புத் தவறியதால் இவ்வளவு ஏறியது அல்லது இறங்கியது. ஆண்டு முடிவில் நிற்பது இவ்வளவு என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். அறுவடைக்குப் பின் குதிரில் கொட்டியது, விதைக்கு எடுத்தது, கூலிக்கு அளந்தது, எலி தின்றது, மிஞ்சியது என்று நம் வீட்டுப் பெண்மணிகள் சொல்லும் கணக்கும் இதுவும் ஒரே வகை.

அடுத்து வருவது திட்டச் சொத்து. அந்தக் கடனைத் தீர்ப்பதற்கென்றே கம்பெனியின் கையிலிருந்து பிரித்து, தனி டிரஸ்டிடமோ ஆயுள் காப்பீட்டுக் கழகத்திடமோ ஒப்படைத்த பணம் இது. இதற்கும் தொடக்கம், வருவாய், இவ்வாண்டு செலுத்தியது, கொடுத்தது, முடிவு என்ற வரிசை உண்டு. எத்தனை பங்கு அரசாங்கக் கடன் பத்திரத்தில் இருக்கிறது, எத்தனை பங்கு வேறிடத்தில் இருக்கிறது என்ற பட்டியலும் இருக்கும்.

பொறுப்பிலிருந்து சொத்தைக் கழித்தால் நிற்பது பற்றாக்குறை. ஐந்தொகையில் ஏறுவது இந்தக் கழித்த எண் மட்டுமே. நூறு கோடி கடனும் தொண்ணூற்றெட்டுக் கோடி சொத்தும் உள்ள கம்பெனிக்கும், இரண்டு கோடி கடனும் சொத்தே இல்லாத கம்பெனிக்கும் ஐந்தொகையில் ஒரே எண்தான் தெரியும். இரண்டும் ஒன்றாகுமா? முதல் கம்பெனியின் தொழிலாளிக்கு உரிய தொகை பெரும்பாலும் வெளியே பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது கம்பெனியின் தொழிலாளி முதலாளியின் எதிர்கால வருமானத்தையே நம்பியிருக்கிறார். குறிப்பைப் படித்தால்தான் இவ்வேறுபாடு புலப்படும்.

இனி, முப்பதாண்டு கழித்துக் கொடுக்கப் போகும் பணத்தை இன்றே எப்படி அளப்பது? ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணிப்பாளர் இதைச் செய்கிறார். சம்பளம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், எத்தனை பேர் இடையில் விலகுவர், ஓய்வு பெற்றோர் எவ்வளவு காலம் வாழ்வர் என்பவற்றை அவர் அனுமானித்துக் கொள்கிறார். இவற்றுள் எல்லாவற்றையும் ஆட்டி வைப்பது கழிவு வட்டி வீதம். பத்தாண்டு கழித்துத் தர வேண்டிய பணத்திற்கு இன்று எவ்வளவு கையில் இருந்தால் போதும் என்று சொல்வது அந்த வீதமே. அரசாங்கக் கடன் பத்திரங்களின் வருவாயைக் கொண்டே அதை நிர்ணயிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

மேற்சொன்ன 3,00,000 ரூபாயைப் பத்தாண்டு கழித்துக் கொடுக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத வட்டியில் கணித்தால் இன்றைய கடன் ஏறத்தாழ 1,52,500 ரூபாய். 6 சதவீதமாக வைத்தால் 1,67,500 ரூபாய். தொழிலாளி மாறவில்லை, சம்பளம் மாறவில்லை, ஒரு சதவீதம் மட்டுமே குறைந்தது. கடன் பதினைந்தாயிரம் கூடிவிட்டது. ஆயிரம் தொழிலாளிகள் இருந்தால் ஒன்றரைக் கோடி. ஆகவே ஒரு கம்பெனி சென்ற ஆண்டைவிட உயர்ந்த வட்டியையோ, குறைந்த சம்பள உயர்வையோ அனுமானித்திருந்தால், ஏன் என்று கேட்க நமக்கு இடமுண்டு. வட்டி அரை சதவீதமோ ஒரு சதவீதமோ மாறினால் பொறுப்பு எவ்வளவு மாறும் என்று நெறி 19 பின்பற்றும் கம்பெனிகள் ஓர் அட்டவணையும் தர வேண்டும். நாம் முதலில் படிப்பது அந்த அட்டவணையைத்தான்.

நம் ஊரில் எல்லாரும் படியேறியிருக்கும் பாங்கி ஸ்டேட் பாங்கி. அதன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2010 ஆகஸ்டு முதல் தேதிக்கு முன் அதில் சேர்ந்தவர்களுக்கு வரையறுத்த பயன் முறையில் பென்ஷன் உண்டு; அதன்பின் சேர்ந்தோர் தேசியப் பென்ஷன் திட்டத்தில் சந்தா முறைக்கு மாறிவிட்டனர். புதியவர்களைச் சேர்க்காவிட்டாலும் பழையவர்களுக்குக் கொடுத்த வாக்கு நீங்காதல்லவா? 2011 மார்ச்சில் முடிந்த காலாண்டில் அப்பாங்கியின் நிகர இலாபம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் இருந்த 1,867 கோடியிலிருந்து 21 கோடியாக வீழ்ந்தது. பத்திரிகைகள் அதைப் பற்றியே எழுதின. பென்ஷன் பொறுப்புக்காக ரிசர்வ் பாங்கியின் அனுமதியோடு ஏறத்தாழ 7,927 கோடி ரூபாய் காப்பு நிதியிலிருந்தே நேராகக் கழிக்கப்பட்டது; அத்தொகை இலாப நட்டக் கணக்கின் வழியே செல்லவில்லை. இலாபத்தை மட்டும் பார்த்தவர் கண்ணுக்கு அது படாது. இது சட்டப்படி அனுமதி பெற்றுச் செய்ததே. ஆனால் வாசகர் எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிட்டவில்லை.

பத்தாண்டு கழிந்தது. பாங்கி ஊழியர் இறந்தபின் மனைவிக்குக் கிடைத்து வந்த குடும்பப் பென்ஷனுக்கு மாதம் 9,284 ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்து வந்தது. கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்று உயர்த்தி, அந்த வரம்பை நீக்கினார்கள். 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. கைம்பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கூறவும் வேண்டுமோ! ஆயினும் கொடுக்க வேண்டிய கடன் ஒரே நாளில் ஏறியது. இச்செலவை ஐந்தாண்டு வரை பரப்பி எழுதலாம் என்று ரிசர்வ் பாங்கி சலுகை தந்தது. இன்னும் எழுதாமல் நிற்பது எவ்வளவு என்பதைக் குறிப்பில் சொல்ல வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. ஸ்டேட் பாங்கி 7,418 கோடி ரூபாயை 2021 செப்டம்பர் காலாண்டிலேயே முழுதும் எழுதிவிட்டது. நம் கருத்தில் அதுவே நேர்மையான முறை. கடனைத் தவணையாகத் தீர்க்கலாம்; ஆனால் கடன் உண்டென்று ஒப்புக்கொள்வதைத் தவணையாகச் செய்வது அவ்வளவு நன்றன்று. பின்னர் 2023 டிசம்பர் காலாண்டிலும் பென்ஷன் தொடர்பாக 7,100 கோடி ஒரே தடவைச் செலவாக எழுதப்பட்டு, இலாபம் 14,205 கோடியிலிருந்து 9,164 கோடியாக இறங்கிற்று. இத்தகைய பாங்கி இத்தனையையும் தாங்கும். சிறிய கம்பெனி தாங்குமா?

இப்பொழுது அந்த ஆலைத் தொழிலாளியின் கேள்விக்கு வருவோம். அவர் சுட்டிய வரியில் பணிக்கொடைக்கான ஒதுக்கீடு இருந்தது உண்மை. அதற்கு அடுத்த பக்கத்தில், 'இத்திட்டத்திற்குத் தனி நிதி இல்லை' என்ற சிறு தொடரும் இருந்தது. ஒதுக்கீடு என்பது கடனை ஒப்புக்கொண்டு ஏட்டில் எழுதுவது. நிதி என்பது பணத்தை வெளியே எடுத்து வைப்பது. பஞ்சாயத்தில் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை: வரவு செலவுத் திட்டத்தில் பாலத்துக்கு ஒதுக்கியிருப்பது ஒன்று, கஜானாவில் பணம் இருப்பது மற்றொன்று. காவிரியில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது; 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. எழுதியதற்கும் அரசலாற்றில் வந்து சேர்வதற்கும் உள்ள தூரத்தைக் கடைமடையில் பயிரிடும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டுமா? கம்பெனி என்ற ஆற்றில் தொழிலாளி கடைமடைக்காரர். அந்த ஆலையின் இயந்திரங்களும் கட்டடமும் முன்பே பாங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

கம்பெனி நொடித்துக் கலைக்கப்படும்போது, சேமநிதி, பென்ஷன் நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றில் உள்ள தொழிலாளர் பணம் கடன்காரர்களுக்குப் பங்கிடப்படும் சொத்தில் சேராது என்று 2016ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு கூறுகிறது. நிதி இருந்தால் வேலி உண்டு. நிதியே இல்லாதபொழுது என்ன என்பதுதான் வழக்கு. 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸ் விமானக் கம்பெனியின் ஊழியர்கள் தொடுத்த வழக்கில், சேமநிதியும் பணிக்கொடையும் கொடுக்கப்பட வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கூறியது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. ஆனால் புதிய முதலாளியின் திட்டம் நடந்தேறாமல் 2024 நவம்பரில் அக்கம்பெனியையே கலைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தீர்ப்பு வேறு, பணம் வேறு. இவையெல்லாம் எங்கோ பம்பாயில் நடப்பவை என்று எண்ண வேண்டா. நொடிப்புச் சட்டத்தின் வழியே நம் காரைக்கால் துறைமுகக் கம்பெனியும் 2023இல் கைமாறியது.

நிரவிக்கு வருவோம். எண்ணெய் எரிவாயுக் கழகம் போன்ற பொதுத்துறைக் கம்பெனிகளில் சேமநிதி, பணிக்கொடை, பென்ஷன், ஓய்வுக்குப் பிந்திய மருத்துவ உதவி ஆகிய நான்குக்கும் சேர்த்து அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் கூடிய தொகையில் 30 சதவீதத்துக்கு மேற்படாமல் கம்பெனி செலவிடலாம் என்பது 2007 முதல் கணக்கிடப்பட்ட ஊதியத் திருத்தத்தோடு வந்த விதி. இக்கழகத்தில் அவற்றுக்குத் தனித் தனி டிரஸ்டுகளும் உண்டு. நிரந்தர ஊழியரின் குடும்பத்தார் அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலை காண்டிராக்டு தொழிலாளியைப் பற்றியது. அவர் அதே வாயிலில் நுழைகிறார், அதே வெயிலில் நிற்கிறார். அவருடைய பணிக்கொடை பெரிய கம்பெனியின் குறிப்பில் ஒரு காசும் ஏறாது. அது காண்டிராக்டரின் கணக்கில் இருக்க வேண்டும். காண்டிராக்டரின் கணக்கு நம் கண்ணில் படுவதில்லை. அத்தகைய வேலையில் பிள்ளைகளை விட்டிருப்போர், சேமநிதிக் கணக்கெண் உண்டா, மாதந்தோறும் பணம் ஏறுகிறதா என்று அவரவர் கணக்குப் புத்தகத்தைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். காண்டிராக்டர் செலுத்தத் தவறினால், வேலை வாங்கிய பெரிய கம்பெனியைக் கேட்கச் சேமநிதித் திட்டத்திலேயே இடமிருக்கிறது. இரண்டு மாதம் விட்டுப் போனவுடனே கேட்டால் பலன் உண்டு. பத்தாண்டு கழித்துக் கேட்டால் காண்டிராக்டரின் பெயரே மாறியிருக்கும்.

இறுதியாக நம் கூட்டுறவுச் சங்கங்கள். திருநள்ளாறாயினும் நெடுங்காடாயினும் கோட்டுச்சேரியாயினும், சங்கத்தில் உரம் நிறுக்கும் பையனுக்கும் கணக்கெழுதும் எழுத்தருக்கும் பணிக்கொடை கொடுக்க வேண்டிய நாள் வரும். அங்கே முதலாளி நாமே. பொதுக்குழுவில் இலாபப் பங்கு எத்தனை சதவீதம் என்று உரக்கக் கேட்கிறோம். பணிக்கொடைப் பொறுப்பு எவ்வளவு, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் குழுத் திட்டத்தில் கட்டியிருக்கிறீர்களா, அல்லது ஏட்டில் மட்டும் எழுதியிருக்கிறீர்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேளுங்கள். செயலாளர் முகம் சுளித்தால், தணிக்கை அறிக்கையில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். நாம் மூன்று சங்கங்களில் கேட்டுப் பார்த்தோம். ஒன்றில் உடனே காட்டினார்கள். ஒன்றில் அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். மற்றொன்றில் அந்தப் பக்கமே இல்லை.

ஸ்டேட் பாங்கியின் ஆண்டறிக்கை ஒன்றும், மூடப்பட்ட ஆலையின் பழைய கணக்கொன்றும் இம்மேசைமீது வைத்திருக்கிறோம். பாங்கியின் அறிக்கையில் 18ஆம் அட்டவணைக்குக் காகிதம் செருகி அடையாளம் இட்டிருக்கிறோம். ஆலையின் கணக்கில் அந்தச் சிறு தொடருக்குக் கீழே கோடிட்டிருக்கிறோம். கண்ணாடி கொண்டு வந்தவர்கள் முதலில் வாருங்கள். எழுத்து மிகவும் சிறியது.